உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? அறிந்து பேசுவோம்

 

“உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது” என்னும் சொற்றொடர் இப்போது நம் ஊர்களில் எங்கும் ஒலிக்கிறது. தலாக், ஜீவனாம்சம், வக்ஃபு சொத்து, சிறுபான்மைக் கல்வி நிறுவனம், பெண் பிள்ளைகளின் தலைமறைப்பு என எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்லி உரையாடலை முடித்துவிடுகிறார். எந்த வழக்கு, எந்த ஆண்டு, எத்தனை நீதிபதிகள், அத்தீர்ப்பு இன்றும் நிற்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. கைப்பேசியில் வந்த நான்கு வரிகளே ஆதாரமாக நீட்டப்படுகின்றன.

மத்ரஸாவில் ஒரு மாணவர் “ஹதீஸில் வந்துள்ளது” என்று சொன்னால் நாம் அதோடு விட்டுவிடுவதில்லை. எந்தக் கிதாபு, எந்தப் பாடம், அறிவிப்பாளர் யார், அதன் தரம் என்ன என்று கேட்கிறோம். கிடைத்த செய்தியைத் தீர விசாரித்த பின்னரே நம்ப வேண்டும் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் பெயரால் வரும் செய்திக்கு மட்டும் இந்த ஒழுங்கிலிருந்து விலக்களிக்க நியாயம் ஏதுமில்லை.

நாம் வழக்கறிஞர் அல்லர். இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்று, மத்ரஸாவில் பாடம் நடத்திவரும் ஆசிரியர் மட்டுமே. ஆயினும் கடந்த சில ஆண்டுகளாக, உச்ச நீதிமன்றத்தைப் பற்றிப் பொது வாசகர்களுக்காக எழுதப்பட்ட நூல்களை, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, பொறுமையாகப் படித்து வருகிறோம். அந்நூல்களால் நமக்குக் கிடைத்த பயனைச் சமுதாயத்தோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்நீதிமன்றத்தின் அமைப்பை அறிந்துகொள்வோம். 1950 ஜனவரி 26 அன்று அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு நாள்கள் கழித்து, ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் தொடங்கிவைக்கப்பட்டது. அப்போது அதற்கெனத் தனிக் கட்டடம் இல்லை. நாடாளுமன்றக் கட்டடத்தில் இருந்த இளவரசர்கள் மன்றத்தில்தான் அது கூடியது. இப்போதுள்ள கட்டடத்துக்கு இடம் மாறியது 1958இல். தலைமை நீதிபதியும் ஏழு நீதிபதிகளும் இருக்கலாம் என்று சாசனம் தொடக்கத்தில் வகுத்திருந்தது. 2019இல் அனுமதிக்கப்பட்ட மொத்த எண்ணிக்கை 34 ஆக உயர்த்தப்பட்டது.

இத்தனை நீதிபதிகளும் ஒன்றாக அமர்ந்து வழக்கு விசாரிப்பதில்லை. இருவர், மூவர் எனச் சிறு அமர்வுகளாகவே பெரும்பாலும் அமர்கிறார்கள். சாசனத்துக்குப் பொருள் காணும் முக்கியமான சட்டக் கேள்வி எழுந்தால் குறைந்தது ஐவர் அமர வேண்டும் என்று 145ஆவது பிரிவு கூறுகிறது. ஐவர் அமர்வு சொன்னதை இருவர் அமர்வு மாற்ற முடியாது. அதை மாற்ற அதனினும் பெரிய அமர்வு வேண்டும். ஆகவே ஒரு தீர்ப்பைக் கேள்விப்பட்டவுடன் “எத்தனை பேர் அமர்வு?” என்று கேட்பதே அதன் வலிமையை அறியும் முதல் படி.

இரண்டாவது, தீர்ப்பின் முகவரி. ‘ஏ.ஐ.ஆர். 1985 எஸ்.சி. 945’ என்று எழுதப்பட்டிருந்தால் பலர் அதைக் கடந்து சென்றுவிடுகிறார்கள். ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் என்னும் தொகுப்பில், 1985ஆம் ஆண்டுக்குரிய உச்ச நீதிமன்றப் பகுதியில், 945ஆம் பக்கம் என்பதே அதன் பொருள். கிதாபின் பெயரும் பாடமும் ஹதீஸ் எண்ணும் எப்படியோ அப்படியே இதுவும். 2023 முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்குத் தானே ஆண்டும் வரிசை எண்ணும் இட்டு வருகிறது. முகவரி தெரிந்தால் மூலத்தை எவரும் தேடிப் படிக்கலாம். முகவரியே இல்லாமல் ஒரு செய்தி வந்தால் அதை நிறுத்திவைப்பதே நலம்.

மேலே சொன்ன முகவரி எந்தத் தீர்ப்புக்குரியது தெரியுமா? நம் சமுதாயம் நாற்பது ஆண்டுகளாகப் பேசிவரும் ஷா பானு வழக்குக்குரியது. அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அதில் என்ன தீர்ப்பளிக்கப்பட்டது என்பதைப் படித்தவர் மிகச் சிலரே. இந்தூரைச் சேர்ந்த அம்மூதாட்டி கேட்டது ஜீவனாம்சம். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் மாதம் 179 ரூபாய் 20 காசு வழங்க உத்தரவிட்டிருந்தது. அதை எதிர்த்து முன்னாள் கணவர் செய்த மேல்முறையீட்டை 1985 ஏப்ரல் 23 அன்று ஐவர் அமர்வு தள்ளுபடி செய்தது. தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத மனைவிக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு வழங்கும் உரிமை, தலாக் சொல்லப்பட்ட முஸ்லிம் பெண்ணுக்கும் உண்டு என்பதே தீர்ப்பு. அதே தீர்ப்பில் பொது சிவில் சட்டம் பற்றியும் நீதிபதிகள் சில வரிகள் எழுதினார்கள். நாடெங்கும் கொந்தளிப்பை மிகுவித்தவை அவ்வரிகளே. ஆயினும் அவை வழக்கின் முடிவுக்குத் தேவையானவை அல்ல. வழியில் சொன்ன கருத்துகள். கீழமை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவது முடிவும் அதற்கான காரணமும்தான். இவ்வேறுபாட்டை நமக்குக் கற்றுத்தந்தவை பொது வாசகர்களுக்கான நூல்களே.

இதை அறியாமையால் யாருக்கு இழப்பு என்பதையும் சொல்ல வேண்டும். சில காலத்துக்கு முன் ஒரு தந்தை நம்மிடம் வந்தார். அவருடைய மகளுக்குத் தலாக் ஆகி, இத்தா முடிந்து, இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. இத்தா காலத்துச் செலவுக்கு மேல் ஒன்றும் கேட்க வழியில்லை, ஷா பானு தீர்ப்பை 1986ஆம் ஆண்டுச் சட்டம் ரத்து செய்துவிட்டது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் அவரிடம் உறுதியாகக் கூறியிருந்தார். அந்தப் பெரியவர் தீய எண்ணத்தில் சொல்லவில்லை. 1986இல் கேட்ட செய்தியோடு அவருடைய சட்ட அறிவு நின்றுவிட்டது, அவ்வளவே. ஆனால் அந்தப் பேச்சை நம்பி அப்பெண் இரண்டு ஆண்டுகள் தையல் கூலியில் ஒரு குழந்தையை வளர்த்திருந்தார்.

நாம் நூல்களை எடுத்து வைத்து, அவரோடு அமர்ந்து, ஒரு தாளில் வரிசையாக எழுதினோம். 1985, ஷா பானு தீர்ப்பு. 1986, முஸ்லிம் பெண்கள் (விவாகரத்து மீதான உரிமைகள் பாதுகாப்பு) சட்டம். 2001, டேனியல் லத்தீஃபி வழக்கு. ஷா பானுவுக்காக வாதாடிய வழக்கறிஞரே பின்னர் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. ஐவர் அமர்வு அச்சட்டத்தைச் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆனால் அதன் வாசகத்துக்கு இவ்வாறு பொருள் கண்டது: இத்தா காலத்துக்குள் கணவர் செய்து முடிக்க வேண்டிய ஏற்பாடு, இத்தாவுக்குப் பிந்தைய அவளுடைய எதிர்காலத்துக்கும் போதுமானதாக, நியாயமானதாக இருக்க வேண்டும். உறவினர்களால் இயலாதபோது மாநில வக்ஃபு வாரியம் பராமரிப்புத் தொகை வழங்க நடுவர் உத்தரவிடலாம் என்றும் அச்சட்டத்திலேயே ஒரு பிரிவு உள்ளது. கடைசியாக, 2024 ஜூலை 10. தெலங்கானாவிலிருந்து வந்த வழக்கில், 125ஆவது பிரிவின் வழியும் முஸ்லிம் பெண்களுக்குத் திறந்தே இருக்கிறது என்று இருவர் அமர்வு தெளிவுபடுத்தியது. புதிய சட்டத் தொகுப்பில் அப்பிரிவு 144 என்னும் எண்ணைப் பெற்றுள்ளது.

அந்தத் தாளோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுமாறு அவரிடம் கூறினோம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி அங்குக் கிடைக்கும் என்பதையும் சொன்னோம். சட்ட ஆலோசனை வழங்குவது நம் வேலையன்று. எந்தக் கதவைத் தட்டலாம் என்று காட்டுவது எவராலும் இயலக்கூடியதே. அதற்கு ஒரு நூல் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டின் ஷாயரா பானு தீர்ப்புக்கும் இதே கதிதான். “நீதிமன்றம் தலாக்கை ஒழித்துவிட்டது” என்றும் “நம் ஷரீஅத்தில் கை வைத்துவிட்டது” என்றும் இருவேறு பக்கங்களிலிருந்து செய்தி பரவியது. தீர்ப்பைப் படித்தால் காட்சி வேறாக இருக்கிறது. விசாரணைக்கு வந்தது ஒரே மூச்சில் மும்முறை சொல்லப்படும் தலாக் மட்டுமே. ஐவரில் மூவர் அது செல்லாது என்றனர், இருவர் மாறுபட்டனர். அந்த மூவரும் ஒரே காரணத்தைக் கூறவில்லை. இருவர் சாசனத்தின் சமத்துவப் பிரிவை அடிப்படையாகக் கொண்டனர். மற்றொருவர் அது குர்ஆனின் போதனைக்கே முரணானது என்ற அடிப்படையில் முடிவுக்கு வந்தார். மார்க்கக் கல்வி கற்பிக்கும் நாம், ஒரு நீதிபதி நம் மூல நூலை எவ்வாறு வாசித்தார் என்பதை அறியாமல் அத்தீர்ப்பை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் எவ்வாறு தகும்? ஏற்பதோ மறுப்பதோ படித்த பின் வரட்டும்.

மாறுபட்ட தீர்ப்புகளைப் பற்றித் தனியே ஒரு சொல். தோற்ற கருத்துதானே, அதை ஏன் படிக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஃபிக்ஹு பயில்கிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஓர் இமாமின் கருத்தையும் அவருடைய மாணவர்கள் அவரோடு மாறுபட்ட இடத்தையும் நம் கிதாபுகள் அருகருகே பதிவு செய்துள்ளன. உச்ச நீதிமன்றமும் அவ்வாறே செய்கிறது. 1950இல், நீதிமன்றம் தொடங்கிய சில மாதங்களிலேயே, பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஏ.கே. கோபாலன் தம் தடுப்புக்காவலை எதிர்த்துச் சென்னை மாநில அரசின் மீது தொடுத்த வழக்கு வந்தது. தனிமனித சுதந்திரம் பற்றிய பிரிவுகளைத் தனித்தனித் தீவுகளாகப் பார்த்தது பெரும்பான்மை. அப்பிரிவுகளை இணைத்தே வாசிக்க வேண்டும், ஒருவரைச் சிறை வைக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று மாறுபட்டு எழுதினார் நீதிபதி சையத் ஃபஸ்ல் அலி. அவர் 1959இல் மறைந்தார். 1978இல் மேனகா காந்தி வழக்கில் நீதிமன்றம் அவர் காட்டிய திசைக்கே வந்து சேர்ந்தது. இன்று தடுப்புக்காவலில் உள்ள எந்த இளைஞருக்காகவும் வாதாடும் வழக்கறிஞர் அந்தச் சிந்தனையின் மீதுதான் நிற்கிறார்.

இதைச் சொல்லும்போது நம் பிள்ளைகளின் முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றுவதைக் காண்கிறோம். அதே மூச்சில் அடுத்த வரலாற்றையும் சொல்லிவிடுகிறோம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஏப்ரல் 28 அன்று, காவலில் வைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை அணுகவே இயலாது என்று ஐவரில் நால்வர் தீர்ப்பளித்தனர். அந்நால்வரில் ஒருவர் நீதிபதி எம்.எச். பேக். மாறுபட்டு நின்ற ஒரே நீதிபதி எச்.ஆர். கன்னா. மறு ஆண்டு கன்னாவைத் தாண்டி பேக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். 2017இல் அந்தரங்க உரிமை பற்றிய வழக்கில் ஒன்பது பேர் அமர்வு 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தவறென்று கூறி நீக்கியது. நீதிபதியின் பெயரை வைத்து நீதியை எடைபோடக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் நமக்குக் கிடைக்கவில்லை.

இவற்றையெல்லாம் எங்கே படிப்பது? அடித்தளத்துக்கு டி.டி. பாசு எழுதிய அரசியல் சாசன அறிமுக நூல் போதும். பின்வந்தோர் அதைத் திருத்திப் பதிப்பித்து வருவதால் பதிப்பு ஆண்டைப் பார்த்து வாங்க வேண்டும். சாசனம் எவ்வாறு உருவானது, பின்னர் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் எவ்வாறு மோதிக்கொண்டன என்பதை அமெரிக்க வரலாற்றறிஞர் கிரான்வில் ஆஸ்டின் இரண்டு பெரு நூல்களில் எழுதியுள்ளார். முதலாவது 1966, இரண்டாவது 1999. நீதிபதிகளை மனிதர்களாக அறிய வேண்டுமானால் ஜார்ஜ் கேட்பாய்ஸ் 2011இல் வெளியிட்ட நூல் உதவும். 1950 முதல் 1989 வரை பதவி வகித்த ஒவ்வொரு நீதிபதியும் எந்த ஊர், எந்தக் குடும்பம், எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று அவர் தேடித் தொகுத்திருக்கிறார். அதற்காக 1980களில் அவர் நேரில் கண்டு எடுத்த பேட்டிக் குறிப்புகளைக் கொண்டு அபினவ் சந்திரசூட் எழுதிய ‘சுப்ரீம் விஸ்பர்ஸ்’ 2018இல் வந்தது. தொடக்க வாசகர்களுக்கு ஜியா மோடி 2013இல் எழுதிய, இந்தியாவை மாற்றிய பத்துத் தீர்ப்புகள் பற்றிய நூல் எளிதானது. ஷா பானு வழக்குக்கு அதில் ஓர் அத்தியாயம் உண்டு. 2013க்குப் பின் நடந்தவை அதில் இராது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். சட்ட நூலுக்கு வயது உண்டு. பழைய பதிப்பை நம்பிப் பேசுகிறவர் அந்த ஊர்ப் பெரியவரின் நிலைக்கே ஆளாவார்.

மார்க்கக் கல்வி கற்றோர் தனியே அறிய வேண்டிய ஒரு நூலும் உண்டு. நம் நாட்டு நீதிமன்றங்களில் முஸ்லிம் தனியார் சட்டம் என்றால் பெரும்பாலும் முதலில் திறக்கப்படுவது ‘முல்லா’ என்று அழைக்கப்படும் நூல். பெயரைக் கேட்டு ஓர் ஆலிம் எழுதியது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அதை எழுதியவர் தின்ஷா ஃபர்துன்ஜி முல்லா என்னும் பார்சி சட்ட அறிஞர். பின்னாளில் அதைத் திருத்திப் பதிப்பித்தவர்களுள் ஒருவர் எம். ஹிதாயத்துல்லாஹ். 1968இல் இந்தியாவின் தலைமை நீதிபதியாகி, 1969இல் சில வாரங்கள் குடியரசுத் தலைவர் பொறுப்பையும் வகித்தவர் அவர். அதற்கும் முன், 1791இல் சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்தில் தந்த ‘ஹிதாயா’வே நீதிபதிகளுக்குக் கையேடாக இருந்தது. அது அரபு மூலத்திலிருந்து செய்யப்பட்டதன்று. பாரசீக மொழிபெயர்ப்பிலிருந்து செய்யப்பட்டது. நாம் வகுப்பில் அரபியில் ஓதும் ஒரு கிதாபு, பாரசீகம் வழியாக ஆங்கிலமாகி, நம் குடும்ப வழக்குகளில் சட்டமாகி வந்த பாதை இது. அப்பாதையில் எங்கே என்ன மாறியது என்று சொல்லக்கூடியவர்கள் மூலமும் தெரிந்து, தீர்ப்பும் படிக்கத் தெரிந்த ஆலிம்களே. அத்தகையோர் நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பெண் பிள்ளைகளின் வகுப்பில் நாம் நீதிபதி ஃபாத்திமா பீவியைப் பற்றிச் சொல்வதுண்டு. பத்தனம்திட்டாவில் 1927இல் பிறந்தவர். 1958இல் முன்சீஃபாகப் பணியைத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, 1989 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை நம் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். 2023இல் இறையடி சேர்ந்தார். இந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணி ஒரு முஸ்லிம் பெண் என்பதைப் பிளஸ் டூ படிக்கும் நம் மாணவியர் பலர் முதன்முறையாக மத்ரஸாவில்தான் கேட்கிறார்கள்.

ஒரு பெருங்குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலே சொன்னவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளவை. உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்று சாசனத்தின் 348ஆவது பிரிவே வகுத்துள்ளது. ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புத் தொகுதிகளைக் கட்டணமின்றி இணையத்தில் திறந்துவிட்டது. சில தீர்ப்புகளின் தமிழாக்கமும் அங்குக் கிடைக்கிறது. தமிழாக்கம் புரிந்துகொள்வதற்கு மட்டுமே, சட்ட நோக்கத்துக்கு ஆங்கில மூலமே செல்லும் என்னும் குறிப்போடு அவை வருகின்றன. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட தீர்ப்பை, தமிழிலேயே ஆனாலும், ஒரு கடைக்காரரோ இல்லத்தரசியோ முழுவதும் படிப்பது கடினம். பத்துப் பக்கத்தில் தெளிவாகவும் நேர்மையாகவும் எடுத்துரைக்கும் தமிழ் நூல்கள் இன்னும் பல வர வேண்டும். நம் சமுதாயத்தில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், தமிழ் எழுத வல்லவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் ஒன்றாக அமர்ந்தால் இது இயலாத காரியமன்று.

அதுவரை செய்யக்கூடியவை சில. ஒவ்வொரு ஜமாஅத்தின் நூலகத்திலும் கிதாபு அலமாரிக்கு அருகே ஒரு தட்டை இதற்கென ஒதுக்கலாம்: அரசியல் சாசனத்தின் தமிழ்ப் பதிப்பு ஒன்று, அறிமுக நூல் ஒன்று, தீர்ப்புகளை விளக்கும் நூல் ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வந்துள்ளதா என்று பார்த்து மாற்றலாம். மாதம் ஒருமுறை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை அழைத்து, ஒரே ஒரு தீர்ப்பை இஷாவுக்குப் பின் முக்கால் மணி நேரம் விளக்கச் சொல்லலாம். பெண்களும் கேட்க ஏற்பாடு செய்யலாம். நம் மத்ரஸாவின் மேல் வகுப்பு மாணவர்களுக்கு நாம் இட்டுள்ள விதி எளியது. நீதிமன்றச் செய்தி எதையும் பிறருக்கு அனுப்புமுன் வழக்கின் பெயர், ஆண்டு, அமர்வின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் அனுப்பக் கூடாது. பெரும்பாலான செய்திகள் அந்த ஏட்டைத் தாண்டுவதில்லை.

நம் சொல்லை நம்பி ஒருவர் தம் உரிமையைக் கைவிடவும் கூடும், இல்லாத உரிமையைத் தேடி அலையவும் கூடும். சொல்லும் முன் சரிபார்ப்பது அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை. அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும், அறியாத இடத்தில் அமைதி காக்கும் பண்பையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.